தொலைந்துபோகும் மாறிலி: ஷாதிபூர்க் கடலும் நுண்கணிதக் கல்வியும்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் தொடங்கிய சில வாரங்களிலேயே ஒரு துகள் நேர்கோட்டில் நகரத் தொடங்கிவிடுகிறது. அதன் நிலையைக் காலத்தைப் பொறுத்து ஒருமுறை வகையிட்டால் திசைவேகம், மறுமுறை வகையிட்டால் முடுக்கம் என்று நூல் கூறுகிறது. வகையிடுதல் என்றால் என்ன என்பதைச் சொல்லித்தர வேண்டிய கணித நூலோ, எல்லை, வகைக்கெழு ஆகிய பாடங்களைத் தன் பிற்பகுதியில் வைத்திருக்கிறது. என்சிஇஆர்டி நூல்களில் இதுவே வரிசை. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இதுவே வரிசை. எனவே மாணவர் ஒரு கருவியை, அது எந்தத் தேவைக்காகச் செய்யப்பட்டது என்று அறியுமுன்னரே கையில் வாங்கிக்கொள்கிறார். 'அடுக்கை முன்னால் கொண்டுவந்து பெருக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை' என்னும் செய்முறை மனத்தில் பதிந்துவிடுகிறது. அது எந்தக் கேள்விக்கு விடை என்பது பதிவதில்லை.

இக்குறை எல்லா ஊர்களுக்கும் பொதுவானது. எனினும் சில ஊர்களில் அது இரட்டிப்பாகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரின் ஷாதிபூர் அத்தகைய ஓர் இடம். அந்தமானில் தமிழ்வழி அரசுப் பள்ளிகள் உண்டு. தமிழை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் நகரின் பல பகுதிகளில் வாழ்கின்றன. பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துடன் இணைந்தவை. மேல்நிலை அறிவியலுக்குரிய என்சிஇஆர்டி நூல்கள் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் வெளிவந்தவை. பிற இந்திய மொழிகளையும் பயிற்றுமொழியாகக் கொள்ளலாம் என்று வாரியம் 2023 ஜூலையில் அறிவித்தது. ஆனால் அனுமதி மட்டும் நூலாகிவிடாது. தமிழ்வழியில் பயின்று வந்த ஒரு மாணவிக்கு, மொழி மாறும் அதே ஆண்டில்தான் நுண்கணிதமும் வந்து சேர்கிறது. புதிய சிந்தனை, புதிய மொழி என இரண்டு சுமைகள் ஒரே தோளில் ஏறுகின்றன. அவள் தடுமாறினால், தடுமாற்றம் எந்தச் சுமையால் நேர்ந்தது என்று பிரித்தறிய எந்தத் தேர்வாலும் இயலாது.

இயக்கத்தின் நுண்கணிதம் பதிவிலிருந்து தொடங்கிச் சூத்திரத்தை அடைய வேண்டும். மாணவர் சிந்திக்கும் மொழியில் தொடங்க வேண்டும். தொடக்கநிலையை மறவாமல் முடிய வேண்டும். இம்மூன்றுக்கும் தேவையான அனைத்தும் ஷாதிபூரிலிருந்து நடந்து எட்டும் கடலில் இருக்கின்றன.

சொற்கள் செய்யும் வேலை

முதலில் 'துகள்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் துகள், இலங்கையில் துணிக்கை. முன்னது தூசியை நினைவூட்டுகிறது; பின்னது துணிக்கப்பட்ட சிறு கூற்றை. இரண்டுமே சிறுமையைச் சுட்டுகின்றன. இயந்திரவியலிலோ துகளுக்குச் சிறுமை இலக்கணம் அன்று. ஒரு பொருளின் வடிவத்தையும் சுழற்சியையும் கணக்கில் கொள்ளாமல், அதனை ஒரே புள்ளியாகக் கொள்வது என்னும் முடிவுதான் துகள். போனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து சுவராஜ் தீவுக்குப் புறப்படும் கப்பல், எப்போது சென்று சேரும் என்று கேட்பவருக்குத் துகள்; அலையில் எவ்வளவு சாயும் என்று கேட்பவருக்குத் துகள் அன்று. சூரியனைச் சுற்றும் பாதையை ஆராயும்போது பூமியே துகள். சொல் தரும் படிமத்துக்கும் கருத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் நிரப்பிவிடலாம். நிரப்பாவிட்டால், கப்பலைத் துகள் என்று கணக்கு சொல்லும்போது மாணவர் அதைக் கணக்குக்கே உரிய விசித்திரம் என்று ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

'வேகம்' இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டு நூல்களில் வேகம் திசையற்ற அளவு. திசையோடு கூடியது திசைவேகம். இலங்கை நூல்களில் திசையற்றது கதி. திசையோடு கூடியதுதான் வேகம். பாக் நீரிணையைக் கடந்தால் ஒரே சொல் ஸ்கேலரிலிருந்து வெக்டராக மாறிவிடுகிறது. முடுக்கம் அங்கே ஆர்முடுகல், எதிர்முடுக்கம் அமர்முடுகல். இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு இங்கே தேவையில்லை. இரண்டு மரபும் நன்கு சிந்தித்து உருவாக்கப்பட்டவை. இரண்டிலும் மேல்நிலை இயந்திரவியல் முழுவதும் தமிழில் கற்பிக்கப்பட்டு வருகிறது. தமிழில் இவற்றைச் சொல்ல முடியாது என்போர்க்கு அந்த ஒரு செய்தியே போதிய விடை.

'வகைக்கெழு' என்னும் சொல்லில்தான் உண்மையான இடர் உள்ளது. கெழு என்பது குணகம். ஒரு நுண்மாற்றத்தை எதனால் பெருக்கினால் மற்றொரு நுண்மாற்றம் கிடைக்குமோ அதுவே வகைக்கெழு. கணிதநோக்கில் பிழையற்ற சொல். ஆனால் அது ஒரு செய்முறையின் விளைவைப் பெயரிடுகிறதே தவிர, எதைக் கேட்கிறோம் என்பதைக் காட்டுவதில்லை. அதைக் காட்டும் சொல்லும் தமிழில் ஏற்கெனவே உண்டு: மாறுவீதம். 'இந்தக் கணத்தில் நீர்மட்டத்தின் மாறுவீதம் என்ன?' என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் கேள்வி புரியும். 'நீர்மட்டத்தின் வகைக்கெழு என்ன?' என்று கேட்டால், செய்முறை அறிந்தவருக்கு மட்டுமே புரியும். மாறுவீதத்தில் தொடங்கி வகைக்கெழுவுக்குச் செல்வதே இயல்பான வழி.

தாற்காலிக கதி

கணநேர வேகம் என்னும் கருத்து இந்நிலத்துக்குப் புதியதன்று. 12ஆம் நூற்றாண்டில் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கரர், கோள்களின் நகர்வை இரண்டு வகையாகப் பிரித்தார். இன்றைய நிலைக்கும் நாளைய நிலைக்கும் உள்ள வேறுபாடு பருமட்டானது. ஒரு குறித்த கணத்துக்கு உரிய நகர்வு நுட்பமானது. பின்னதை அவர் தாத்காலிக கதி என்றார். சந்திரனுக்கு இந்த நுட்பம் இன்றியமையாதது என்றும் அவர் உணர்ந்திருந்தார். காரணம் எளிது. சந்திரன் நாளொன்றுக்குச் சராசரியாக 13 பாகைக்குச் சற்று மேல் நகர்ந்தாலும், அது பூமிக்கு அருகில் இருக்கும்போதும் தொலைவில் இருக்கும்போதும் அவ்வளவு வெகுவாக மாறுகிறது. திதி முடியும் கணத்தைச் சராசரி கொண்டு கணித்தால் பிழை வரும்.

இச்சொல்லின் பிற்கால வரலாறு மொழியியலார்க்குச் சுவையானது. வடமொழித் தாத்காலிகம் தமிழில் தாற்காலிகம் ஆகி, பின்னர் தற்காலிகம் ஆயிற்று. 'அந்தக் காலத்துக்கே உரியது' என்னும் பொருள் மெல்ல நழுவி, 'நிலைக்காதது' என்னும் பொருள் குடியேறியது. தற்காலிகப் பணியாளர் என்கிறோம். தற்காலிக வேகம் என்று எவரும் சொல்வதில்லை. கதி இலங்கைத் தமிழில் அறிவியல் சொல்லாக நீடிக்கிறது; இந்தியத் தமிழில் 'கதி என்ன ஆயிற்று' என்னும் வழக்கில் தங்கிவிட்டது. வினாடிக்கும் இதே கதைதான். நாழிகை 24 நிமிடம். அதன் அறுபதில் ஒரு பங்காகிய பழைய வினாடி 24 நொடி. இன்றைய வினாடி அதில் 24இல் ஒரு பங்கு. சொற்களை மக்கள் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இவை சான்று. ஆகவே கலைச்சொல் எதுவும் பிறக்கும்போதே முழுமையாக இருக்க வேண்டியதில்லை. பயன்பாடு அதனை முழுமையாக்கும்.

16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் யுக்திபாஷையை மலையாளத்தில் எழுதினார். மாதவர் வழிவந்த முடிவிலாத் தொடர்களை அந்நூல் வெறும் சூத்திரங்களாகத் தராமல், ஏன் அவ்வாறு வருகின்றன என்னும் காரணங்களோடு தருகிறது. முடிவுகளைச் செய்யுளில் சுருக்கிவைத்த மரபின் நடுவே, காரணங்களை விரித்துரைக்க நேர்ந்தபோது பேசும் மொழியை ஒருவர் தேர்ந்தெடுத்தார். கல்வியாளர்கள் மறக்கக் கூடாத தேர்வு அது. சூத்திரத்தை எந்த மொழியிலும் மனப்பாடம் செய்யலாம். காரணத்தைப் புரிந்துகொள்ளச் சிந்திக்கும் மொழி வேண்டும்.

ஒரு மிதவையின் இயக்கம்

பாஸ்கரரின் சந்திரன்தான் ஷாதிபூரின் கடலையும் ஏற்றி இறக்குகிறது. துறைமுகங்களில் ஓதத்தை அளக்கும் பழைய ஓதமானி எளிய கருவி: கிணறு போன்ற செங்குத்தான குழாய், அதனுள் ஒரு மிதவை, மிதவையோடு இணைந்த எழுதுகோல், கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாள். குழாய் அலைகளை அடக்கிவிடுவதால், மிதவை மேலும் கீழுமாக மட்டுமே நகரும். நேர்கோட்டில் இயங்கும் துகளுக்கு இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பாடநூலில் ஒரு துகளின் நிலை காலத்தின் முப்படியை 0.08ஆல் பெருக்கினால் கிடைக்கும் என்று வருகிறது. எந்தப் பொருள், எதனால் அவ்வாறு நகர்கிறது என்று கேட்டால் விடை இல்லை. மிதவைக்கு விடை உண்டு.

போர்ட் பிளேரில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். எளிமைக்காக, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே 2 மீட்டர் என்றும், வளைகோடு தூய கொசைன் வடிவம் என்றும் கொள்ளலாம். உச்சத்திலிருந்து தாழ்வுக்கு இறங்க 6 மணி 12 நிமிடம் ஆகிறது. சராசரி இறக்கம் மணிக்கு 32.2 சென்டிமீட்டர். முழுச் சுற்றையும் எடுத்துக்கொண்டால் மிதவை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடுவதால் சராசரித் திசைவேகம் சுழி. இவ்விரண்டு சராசரிகளும் சரியானவை. ஆயினும் பாதி இறங்கிய கணத்தில் நீர் எவ்வளவு விரைவாக வடிகிறது என்று கேட்கும் படகோட்டிக்கு இரண்டும் பயன்படா.

அக்கணத்தை நடுவில் வைத்து இடைவெளியைச் சுருக்கிப் பார்க்கலாம். 3 மணி நேரச் சராசரி, மணிக்கு 45.9 சென்டிமீட்டர். 1 மணி நேரச் சராசரி 50.1. 20 நிமிடச் சராசரி 50.5. இன்னும் சுருக்கச் சுருக்க எண்கள் 50.6ஐ நெருங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. எல்லை என்பது இதுதான். எந்த ஓர் இடைவெளியிலும் அளந்து கண்ட எண் அன்று அது. எல்லா இடைவெளிகளும் சேர்ந்து சுட்டுகின்ற எண். இந்த நான்கு எண்களை ஒரு மாணவி தானே கணித்துவிட்டால், எல்லையின் வரையறை அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் சுருக்கமான எழுத்தாகிவிடும்.

மாலுமிகள் இதே உண்மையை வகைக்கெழுவின் பெயர் அறியாமலே பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு நீர் வடியும் என்பது அவர்களின் விதி. 2 மீட்டரில் மூன்று பங்கு என்பது 50 சென்டிமீட்டர். நடுப்பகுதியின் கணநேர வேகமாக நுண்கணிதம் தரும் எண்ணோடு அது பொருந்துகிறது. முதல் மணிக்கு விதி 17 சென்டிமீட்டர் என்கிறது. கொசைன் வளைகோடு 12.5 என்கிறது. விதி எங்கே பொருந்துகிறது, எங்கே பிசகுகிறது என்று காண்பதே ஒரு நல்ல வகுப்புப் பயிற்சி.

நிற்பதும் நிலைப்பதும்

இயக்கவியலில் மாணவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்று உண்டு. மேலே எறிந்த கல் உச்சியை அடையும் கணத்தில் அதன் திசைவேகம் சுழி. ஆகவே முடுக்கமும் சுழி என்று கூறிவிடுவார்கள். பிழைக்கு மொழியும் ஒரு காரணம். 'கல் உச்சியில் நிற்கிறது' என்னும்போது, நிற்றல் என்ற வினை சிறிது நேரம் நீடிப்பதைக் குறிக்கிறது. நின்ற ஒன்று நின்றபடியே இருக்கும் என்பது வழக்கின் எதிர்பார்ப்பு. இயற்பியல் கூறுவதோ, கணநேரத் திசைவேகம் சுழி என்பது மட்டுமே. அது நிலைத்திருப்பதைப் பற்றிய கூற்று அன்று.

கல்லின் உச்சிக் கணத்தை உற்றுநோக்க முடியாது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. கடலின் உச்சத்தைப் பார்க்கலாம். மேற்சொன்ன மிதவை, உச்சத்துக்குப் பின் முதல் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் மட்டுமே இறங்குகிறது. கரையில் நிற்பவர் நீர் அசையவில்லை என்றே சொல்வார். 20 நிமிடத்தில் 14 மில்லிமீட்டர். 40 நிமிடத்தில் 56. நேரம் இரட்டித்தால் இறக்கம் நான்கு மடங்கு. கீழே விழும் கல்லுக்கு உரிய விதியும் இதுவே. திசைவேகம் சுழியாக இருந்த கணத்திலேயே முடுக்கம் இருந்ததால்தான் மிதவை இறங்கத் தொடங்கியது. அதுமட்டுமன்று, இவ்வியக்கத்தில் முடுக்கத்தின் அளவு மிகுதியாக இருப்பதே அக்கணத்தில்தான். அம்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 50 கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியது ஒன்றும் ஆறு மணி நேரத்தில் ஒரு துறைமுகத்தின் நீரை இறக்கிவிடுகிறது. சிறிய முடுக்கம், நீண்ட காலம்: தொகையீட்டின் பொருளை இதைவிடத் தெளிவாக எந்தச் சூத்திரமும் சொல்லிவிடாது.

பதிவிலிருந்து பின்னோக்கி

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலையை வங்கக்கடலைச் சுற்றியிருந்த ஓதமானிகள் பதிவு செய்தன. போர்ட் பிளேர், சென்னை, நாகப்பட்டினம் ஆகியவை அவற்றுள் அடங்கும். அந்தப் பழைய தாள்களைக் கொண்டு மொடெஸ்டோ ஓர்டிஸ், ரோஜர் பில்ஹாம் ஆகிய இருவரும் அந்நிலநடுக்கத்தின் இடத்தையும் அளவையும் மதிப்பிட்டு 2003இல் வெளியிட்டனர். அவர்கள் கண்ட அளவு 7.9.

இத்தகைய ஆய்வின் அடிப்படை, துகளின் இயக்கத்துக்குரிய அதே நுண்கணிதம்தான். ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். 2,000 மீட்டர் ஆழத்தில் அலைமுகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். வழி நெடுக வேகம் மாறுவதால், தொலைவை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்காது. பாதையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் அவ்விடத்து வேகத்தால் வகுத்து, அனைத்தையும் கூட்ட வேண்டும்; அதாவது தொகையிட வேண்டும். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் அலை வந்த நேரத்திலிருந்து பின்னோக்கிச் சென்றால், அது புறப்பட்ட இடம் கிடைக்கிறது. மிதவையோடு இணைந்த எழுதுகோல் தாளில் கீறிய ஒரு கோடு, 120 ஆண்டுகளுக்குப் பின் கடலடியில் நிகழ்ந்ததைச் சொல்லியது. ஆய்வு வெளிவந்த அடுத்த ஆண்டே அதே கடலடி மீண்டும் பிளந்தது.

மாறிலியின் விலை

தொகையீட்டு விடையின் இறுதியில் மாறிலியைச் சேர்க்க மறந்தால் மதிப்பெண் குறையும். மாணவர்கள் அறிந்த அளவில் மாறிலியின் முக்கியத்துவம் அவ்வளவே. வகையிடும்போது மாறிலி மறைந்துவிடுகிறது. தொகையிடும்போது, தேர்வர் கோபிக்காதிருக்க, அதைத் திரும்பச் சேர்த்து எழுதுகிறோம். ஏன் மறைகிறது, மறைந்ததில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை.

2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய பிளவு, சில நிமிடங்களில் வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. அதன் அளவு 9.1. போர்ட் பிளேரின் நிலம் ஏறத்தாழ 3 மீட்டர் மேற்கு, தென்மேற்குப் பக்கமாக நகர்ந்தது. ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. அந்தமானின் வடமேற்குப் பகுதியில் நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்தன. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

இங்கே மிதவையை மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். கடல் அடங்கிய பின் ஓதம் வழக்கம்போல் ஏறி இறங்கியது. அதே 12 மணி 25 நிமிடம், அதே வீச்சு, அதே கணநேர வேகங்கள். நிலத்தைச் சார்ந்து நீர்மட்டத்தை எழுதினால், கொசைன் உறுப்பில் மாற்றமில்லை. கூடவே நிற்கும் மாறிலி மட்டும் 1 மீட்டர் கூடியிருக்கிறது. நீர்மட்டத்தை வகையிட்டுத் திசைவேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு, 2004க்கு முன்னும் பின்னும் எந்த வேறுபாடும் தெரியாது. அந்த வேறுபாட்டை சிப்பிகாட் உழவர்கள் கண்டார்கள். முன்பு நெல் விளைந்த வயல்களில் உப்புநீர் புகுந்து தங்கிவிட்டது. வகையிடும்போது சுழியாகி மறையும் அந்த மாறிலிக்கு நிலத்தில் இருந்த பொருள் அது. ஓர் இயக்கத்தை முழுமையாக அறிய மாறுவீதம் மட்டும் போதாது, எங்கிருந்து தொடங்கியது என்பதும் தெரிய வேண்டும் என்னும் உண்மையை அந்தமானின் மாணவர்களுக்குச் சொல்ல வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை. அவர்களின் பெற்றோர் அதைக் கண்ணால் கண்டவர்கள்.

சராசரியின் மறைப்பும் இங்கே வெளிப்படுகிறது. 3 மீட்டர் நகர்வை ஒரு நூற்றாண்டுக்குப் பரப்பினால் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர். புவித்தட்டுகளின் வழக்கமான நகர்வு போலவே தோன்றும் எண். அந்த எண்ணில் ஒரு காலை நேரத்தின் சில நிமிடங்கள் கரைந்துபோயிருக்கும். பெருநடுக்கத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்தமானின் ஜிபிஎஸ் நிலையங்கள் மேலும் நகர்ந்தன. தொடக்கத்தில் விரைவாக, பின்னர் மெல்ல மெல்ல. அவ்வியக்கத்தை ஆய்வாளர்கள் மடக்கைச் சார்பாலும் அடுக்குக்குறிச் சார்பாலும் விளக்குகிறார்கள். மடக்கை எனில், வேகம் காலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். பிளவுப்பரப்பில் தொடரும் மெதுவான வழுக்கலுக்கு அது பொருந்தும். அடுக்குக்குறி எனில், ஆழத்திலுள்ள பாறை பாகுபோல் தளர்வதற்குப் பொருந்தும். எந்தச் சார்பைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பூமிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது பற்றிய கருத்தாகிவிடுகிறது. பாடநூலில் சார்பு கொடுக்கப்படுகிறது. ஆய்வில் சார்பைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தொலைவைப் பள்ளியிலேயே சிறிது குறைக்கலாம்.

எழக்கூடிய மறுப்புகள்

நுழைவுத் தேர்வுகளுக்குச் செய்முறைத் திறனே போதும் என்பது ஒரு மறுப்பு. மூன்று மணி நேரத் தேர்வில் ஓதத்தைப் பற்றிச் சிந்திக்க நேரமில்லை என்பது உண்மையே. ஆனால் உச்சிக் கணத்தில் முடுக்கம் சுழி என்று குறிக்கும் மாணவர் அதே தேர்வில்தான் மதிப்பெண் இழக்கிறார். புரிதல் வேகத்துக்குப் பகை அன்று. புரியாத சூத்திரங்களின் எண்ணிக்கைதான் நேரத்தைத் தின்கிறது.

மேற்படிப்பு ஆங்கிலத்தில் இருக்கையில் தமிழ்ச் சொற்கள் எதற்கு என்பது மற்றொன்று. நீட், ஜேஇஇ முதன்மைத் தேர்வு ஆகியவற்றின் வினாத்தாள்கள் இன்று தமிழிலும் வருகின்றன. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்புப் பிழைகளுக்காக 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதும், அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியதும் அறிந்ததே. தீர்ப்பு எவ்வாறாயினும், கலைச்சொல் ஒழுங்கு வாழ்க்கையைத் தொடும் விவகாரம் என்பதை அவ்வழக்கு காட்டியது. மேலும், தமிழில் தொடங்குவது தமிழிலேயே முடிப்பது ஆகாது. மாறுவீதத்தைத் தமிழில் புரிந்துகொண்ட மாணவி அதன் ஆங்கிலப் பெயரை ஒரு நாளில் கற்றுக்கொள்வாள். பெயரை மட்டும் ஆங்கிலத்தில் கற்றவளுக்குப் பொருள் பல ஆண்டுகள் கழிந்தும் வராமல் போகலாம்.

ஆசிரியர்க்குச் சுமை கூடும் என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே கவனத்துக்கு உரியது. ஏற்கெனவே பாடப்பகுதி பெரிது, காலம் சிறிது. ஆகையால் கேட்கப்படுவது புதிய பாடம் அன்று, வரிசை மாற்றம் மட்டுமே.

செய்யக்கூடியவை

முதலாவது: பதினொன்றாம் வகுப்பின் முதல் மாதத்தில் கணித ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் நான்கு வகுப்புகளைப் பகிர்ந்துகொண்டு எல்லையையும் மாறுவீதத்தையும் எண்களைக் கொண்டே கற்பிக்கலாம். என்சிஇஆர்டி கணித நூலிலேயே, விழும் பொருளின் சராசரித் திசைவேகங்களைச் சுருக்கிக்கொண்டே சென்று, இரண்டாம் நொடியில் அது 19.551க்கும் 19.649க்கும் இடையில் உள்ளது என்று காட்டும் நல்ல பகுதி உண்டு. அதை ஆண்டின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

இரண்டாவது: இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணைகளை வெளியிடுகிறது. போர்ட் பிளேரின் ஒரு நாள் உச்ச, தாழ்வு நேரங்களையும் உயரங்களையும் எடுத்து, அவற்றின் நடுவே வளைகோட்டை வரைந்து, கணநேர வேகத்தைக் கண்டு, பின்னர் படகுத்துறைத் தூணில் அடையாளமிட்டு அரைமணிக்கு ஒருமுறை சரிபார்ப்பது செலவில்லாத ஆய்வகம். ஷாதிபூர் மாணவர்க்கு இருக்கும் இவ்வசதி தில்லி மாணவர்க்கு இல்லை.

மூன்றாவது: இந்திய, இலங்கை வழக்குகளையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்த, இயக்கவியலுக்கு மட்டுமான ஒரு சிறு சொற்பட்டியல். நாற்பது சொற்கள் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையோடு ஒரு வாக்கிய எடுத்துக்காட்டும், அச்சொல் எந்தத் தவறான படிமத்தைத் தரக்கூடும் என்ற ஒரு குறிப்பும் இருக்க வேண்டும். மொழியியல் துறை மாணவரும் இயற்பியல் துறை மாணவரும் சேர்ந்தால் ஒரு பருவத்தில் முடியும் பணி இது. இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்காத பல்கலைக்கழகங்களில், சந்திப்பதற்கு இதுவே நல்ல காரணமாகலாம்.

நான்காவது: தொகையீட்டுப் பாடத்தில் மாறிலி வரும் முதல் நாளிலேயே அதற்கு ஒரு பொருள் தரப்பட வேண்டும். அந்தமானில் அதற்குரிய பொருள் சிப்பிகாட் வயல்களில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் பழவேற்காட்டிலும் அந்தந்த ஊரின் கடல் அதற்குரிய பொருளைத் தரும். சூத்திரத்தின் கடைசி எழுத்தாக மட்டும் அதை அறிந்த தலைமுறை, கரையோர நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கேள்வியின் கனத்தை உணராமலே பட்டம் பெற்றுவிடும்.